ஹோமாய் வியாரவாலா கையிலிருந்த பெட்டி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஹோமாய் வியாரவாலாவின் பிறந்த நாளான டிசம்பர் 9 நெருங்கினால் அவரைப் பற்றிப் பத்திரிகைகளில் ஒரு கட்டுரையாவது வந்துவிடும். இந்தியாவின் முதல் பெண் பத்திரிகைப் புகைப்படக்காரர் என்று தொடங்கும். ‘டால்டா 13’ என்ற புனைபெயரைத் தொடும். விமானத்துக்குள் நேரு ஒரு சீமாட்டிக்குச் சிகரெட் பற்றவைத்த படத்தில் வந்து நிற்கும். மூன்றும் உண்மைதான். ஆனால் முப்பது ஆண்டு அவர் செய்த வேலை எப்படிப்பட்டது, எதை வைத்துக்கொண்டு செய்தார், ஒரு படம் கெட்டுப்போக எத்தனை வழி இருந்தது என்பதற்கு ஒரு வரியும் இருக்காது. போதாததற்கு, அவர் எடுத்த படத்தையே நாலு பத்தி அகலத்துக்குப் போட்டு, கீழே ‘கோப்புப் படம்’ என்று அச்சிட்டிருப்பார்கள். இந்த இரண்டு குறையையும் பற்றிக் கொஞ்சம் நீளமாகவே எழுத வேண்டியிருக்கிறது; இடம் கொடுங்கள்.

வாழ்க்கைக் குறிப்பை முதலில் சுருக்கமாக முடித்துவிடலாம். 1913இல் குஜராத்தின் நவ்சாரியில், பார்சிக் குடும்பத்தில் பிறந்தவர். தந்தை நாடக நடிகர். பம்பாய் ஜே.ஜே. கலைப் பள்ளியில் படித்தார். புகைப்படம் சொல்லிக்கொடுத்தவர், பின்னாளில் கணவரான மாணெக்ஷா வியாரவாலா. முதலில் படம் வாங்கிப் போட்ட ‘பாம்பே கிரானிக்கிள்’ பத்திரிகை, படம் ஒன்றுக்கு ஒரு ரூபாய் கொடுத்தது. ‘இல்லஸ்ட்ரேட்டட் வீக்லி’யில் வந்த ஆரம்பப் படங்கள் கணவர் பெயரில் வெளிவந்தன. 1942இல் இருவரும் தில்லிக்குப் போய் பிரிட்டிஷ் தகவல் துறையில் சேர்ந்தார்கள். வெளிப் பத்திரிகைகளுக்குப் படம் கொடுக்கவும் அங்கே தடையில்லை. கணவர் 1969இல் காலமானார். 1970இல் ஹோமாய் கேமராவைக் கீழே வைத்தார். கணவர் மறைவு ஒரு பக்கம். புதிதாக வந்த படக்காரர்களின் முண்டியடிப்பும் மரியாதைக் குறைவும் பிடிக்கவில்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பிறகு மகனோடு பிலானி, அதன்பின் வதோதரா. 2011இல் பத்ம விபூஷண். 2012 ஜனவரி 15 அன்று, 98 வயதில் மறைந்தார்.

‘டால்டா 13’ என்றதும் நம்மவர்களுக்கு வனஸ்பதி டப்பா நினைவுக்கு வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறந்தது 1913, மாணெக்ஷாவைச் சந்தித்தது 13 வயதில், முதல் காரின் பதிவெண் ‘டிஎல்டி 13’. அந்த மூன்று எழுத்தையும் சேர்த்து வாய்விட்டுப் படித்தால் டால்டா. அவ்வளவுதான் கதை.

இனி வேலை.

அந்தக் காலத்துப் பத்திரிகைப் படக்காரர்களின் அடையாளம் ஸ்பீட் கிராபிக் என்ற அமெரிக்கப் பெட்டி. ஹோமாயும் அதைத் தூக்கியவர்தான், ரோலிஃபிளெக்ஸும் வைத்திருந்தார். ஸ்பீட் கிராபிக்கில் சுருள் பிலிம் கிடையாது. தனித்தனித் தாளாக வெட்டிய பிலிம்; பெரிய அளவு 4 அங்குலத்துக்கு 5 அங்குலம், அதைவிடச் சிறியது கால் பிளேட். பிலிம் தாளை வைக்கும் சட்டமான ஹோல்டர் ஒன்றில் முன்பக்கம் ஒரு தாள், பின்பக்கம் ஒரு தாள். ஆறு ஹோல்டர் எடுத்துப் போனால் பன்னிரண்டு படம். பெட்டி மட்டும் மூன்று கிலோவுக்குப் பக்கம் வரும். அதோடு ஃபிளாஷ் கைப்பிடி, அதற்குள் பாட்டரி செல்கள், ஹோல்டர் பை, ஒரு டஜன் பல்பு. இத்தனையையும் சுமந்துகொண்டு, சேலை கட்டிக்கொண்டு, தில்லியில் சைக்கிளில் போய் வந்தார். சேலையையும் சைக்கிளையும் எழுதுகிறவர்கள் பையில் என்ன இருந்தது என்பதையும் எழுதினால் நன்றாக இருக்கும்.

வேலை முந்தின இரவே தொடங்கிவிடும். ஹோல்டரில் பிலிம் போடுவது கும்மிருட்டில். சிவப்பு விளக்கும் ஆகாது. பிலிம் தாளின் ஓர் ஓரத்தில் சின்னதாக வெட்டு இருக்கும். தாளை நட்டமாகப் பிடித்து, அந்த வெட்டு மேலே வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்பட்டால், மருந்து பூசிய பக்கம் நம்மைப் பார்க்கிறது என்று அர்த்தம். மாற்றிப் போட்டால் பிலிமின் பின்பூச்சு வழியாக வெளிச்சம் போக வேண்டும். படம் வெளிறி, ஒன்றுக்கும் ஆகாமல் போகும். ஹோல்டருக்குள் ஒரு தூசி இருந்தாலும் அது நெகட்டிவில் ஓட்டையாகவும் பிரிண்டில் கரும்புள்ளியாகவும் வரும். அது ஒரு பிரமுகரின் கன்னத்தில் விழுந்தால் மச்சம்! அதனால் பிலிம் போடுமுன் ஒட்டகமுடித் தூரிகையால் ஒவ்வொரு ஹோல்டரையும் துடைப்பது கட்டாயம்.

ஹோல்டரை மூடும் தகட்டின் தலைப்பட்டை ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்பு. வெள்ளை வெளியே தெரிந்தால் எடுக்காத பிலிம். கறுப்பு தெரிந்தால் எடுத்தது. இருட்டில் தடவிப் பார்க்க வெள்ளைப் பக்கத்தில் புள்ளிப் புடைப்பு உண்டு. படம் எடுத்ததும் தகட்டைத் திருப்பிச் செருக மறந்தால், அதே பிலிமில் இன்னொரு படமும் ஏறும். பட்டேல் முகத்துக்குக் குறுக்கே வாசற்கதவு முளைப்பது இப்படித்தான்.

இப்போது ஒரு படம் எடுப்பதைப் பாருங்கள். முன்பலகையை இறக்கித் துருத்தியை இழுத்து லென்ஸை அதன் இடத்தில் பூட்ட வேண்டும். ஷட்டர் (வெளிச்சத்துக்குத் திறந்து மூடும் கதவு) வேகம், துவாரம் (லென்ஸில் வெளிச்சம் நுழையும் வாய்) இரண்டும் வைக்க வேண்டும். ஷட்டரை முறுக்க வேண்டும். ஹோல்டரைச் செருகித் தகட்டை உருவ வேண்டும். பல்பை மாட்ட வேண்டும். தூரத்தைச் சரிசெய்ய வேண்டும். விசையை அழுத்திய பிறகு தகட்டைக் கறுப்புப் பக்கம் வெளியே தெரியும்படி திருப்பிச் செருக வேண்டும்; சுடுகிற பல்பைத் தள்ளிவிட்டுப் புதியதை மாட்ட வேண்டும்; ஹோல்டரைப் பின்பக்கம் திருப்ப வேண்டும்; மீண்டும் முறுக்க வேண்டும். இதில் எந்தப் படி தவறினாலும் பிலிம் வெறுமை. படக்காரர்கள் அதிகமாக ஏமாந்தது இன்னொரு இடத்தில்: இந்தப் பெட்டிக்கு ஷட்டர் இரண்டு. லென்ஸில் ஒன்று, பிலிமுக்கு முன்னால் திரைச்சீலை போல ஒன்று. முன் ஷட்டரில் எடுக்கும்போது பின்சீலை திறந்தே இருக்க வேண்டும். அதைப் பார்க்காமல் அழுத்தினால் ‘கிளிக்’ கேட்கும், பல்பு எரியும், எல்லாம் சரியாக நடந்த மாதிரியே இருக்கும். இருட்டறைக்குப் போன பிறகுதான் தெரியும், பிலிமுக்கு ஒரு துளி வெளிச்சமும் போகவில்லை என்று.

ஒரு நிகழ்ச்சியில் ஒருவருக்கு ஒரு தருணம் என்றால் ஒரே ஒரு படம்தான் என்பது இதனால்தான். இன்று நொடிக்கு இருபது படம் எடுத்துவிட்டு அதில் ஒன்றைப் பொறுக்குகிறார்கள். அன்று அந்தப் பொறுக்கும் வேலையை அழுத்துவதற்கு முன்பே மனத்துக்குள் செய்தாக வேண்டும். ஹோமாயின் படங்களில் இருக்கும் நிதானத்தைப் பலர் ‘பெண்ணின் பொறுமை’ என்று எழுதுகிறார்கள். எங்களுக்கு இது ஒப்பாது. பையில் பன்னிரண்டே பிலிம் இருந்தால் யாருக்கும் அந்தப் பொறுமை வந்தாக வேண்டும். அதை வைத்து எந்த நொடியில் அழுத்துவது என்பதுதான் அவருடைய திறமை.

ஃபிளாஷ் பல்பு தனிக் கலை. கண்ணாடிக் குமிழுக்குள் மெல்லிய அலுமினிய இழையோ தகடோ, கூடவே ஆக்சிஜன். ஒரு பல்பு ஒரு படத்துக்கு. விசை அழுத்திய கணத்தில் அது முழு வெளிச்சம் தராது. உச்சத்துக்கு வர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆகும். ஷட்டர் அதுவரை காத்திருந்து திறக்கும்படி இணைப்பைச் சரிசெய்திருக்க வேண்டும். முந்தித் திறந்தால் வெளிச்சம் வருமுன் மூடிக்கொள்ளும். பார்த்தவர் கண்ணெல்லாம் கூசும், படம் மட்டும் இருட்டு. பின்சீலை ஷட்டரில் ஃபிளாஷ் போட வேண்டுமென்றால் நின்று எரியும் வேறு ரகப் பல்பு வேண்டும். சாதாரணப் பல்பு போட்டால் படத்தில் ஒரு பட்டை மட்டும் விழுந்து மிச்சம் கறுத்திருக்கும்.

பல்புக்குள் ஒரு நீலப் புள்ளி இருக்கும். அது இளஞ்சிவப்பாக மாறியிருந்தால் கீறல் வழியே காற்று புகுந்துவிட்டது. அந்தப் பல்பைத் தொடக்கூடாது, எரியும்போது வெடிக்கும். கண்ணாடி சிதறாமலிருக்க வெளியே அரக்குப் பூச்சு இருந்தும் வெடித்ததுண்டு. பாட்டரி சோர்ந்திருந்தாலோ பல்பின் அடியில் களிம்பு பிடித்திருந்தாலோ எரியாது. அதற்காகப் பல்பின் அடியை நாக்கில் தொட்டுவிட்டு மாட்டுவது படக்காரர்களின் பழக்கம். பார்க்க அருவருப்பு, ஆனால் வேலை நடந்தது.

வெளிச்சக் கணக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். பல்புக்கும் பிலிமுக்கும் சேர்த்து ஒரு வழிகாட்டி எண் உண்டு. அதை அடிக்கணக்கில் தூரத்தால் வகுத்தால் துவாரத்தின் எஃப் எண்; எண் கூடினால் துவாரம் சுருங்கும். எண் 160 என்றால் 10 அடிக்கு எஃப் 16. 20 அடிக்கு எஃப் 8. 5 அடியில் நிற்பவர் மேல் 10 அடிக்காரரைவிட நாலு மடங்கு வெளிச்சம் விழும். மேடையில் முன்வரிசை சுண்ணாம்பாக வெளுத்து, பின்வரிசை கரியாகப் போன பழைய படங்களின் காரணம் இதுதான். தெரிந்தவர்கள் எல்லோரும் ஏறக்குறைய ஒரே தூரத்தில் வரும்படி பக்கவாட்டில் இடம் பிடிப்பார்கள். இல்லையென்றால் ஃபிளாஷைக் கழற்றி ஒரு கையால் உயரத் தூக்குவார்கள். விமானம் போன்ற நெருக்கடியான இடத்தில் விளக்குக் கிண்ணத்தின் மேல் வெள்ளைக் கைக்குட்டை ஒரு மடிப்புப் போட்டால் வெளிச்சம் ஏறக்குறையப் பாதியாகும்.

கூர்மைக்கும் கணக்கு உண்டு. 5 அங்குல லென்ஸை 10 அடியில் நிறுத்தி எஃப் 16 வைத்தால், சுமார் ஏழரை அடி முதல் 14 அடி வரை தெளிவாக வரும். அதனால் முன்கூட்டியே 10 அடியில் பூட்டிவிட்டு, ஆள் அந்தத் தூரத்துக்கு வரும்வரை காத்திருப்பார்கள். வெளிச்சம் குறைந்து துவாரத்தை முழுதும் திறந்தால் முன்னும் பின்னும் ஓர் அடிதான் தெளிவு. ஆள் ஓர் எட்டு வைத்தாலும் மங்கிப்போகும்.

ரோலிஃபிளெக்ஸ் இதற்கு நேர்மாறு. எடை ஒரு கிலோ சுமார், சுருள் பிலிமில் 12 படம், ஓசை குறைவு. வயிற்றுக்கு நேரே வைத்து மேலிருந்து குனிந்து பார்க்க வேண்டும். கண்ணாடியில் இடம் வலமாகத் தெரியும். ஆள் இடப்பக்கம் நகர்ந்தால் படத்தில் வலப்பக்கம் போவார். பழகாதவர் எதிர்ப்பக்கமாகத் திருப்பி ஆளைத் தொலைத்துவிடுவார். ஒரு லாபம் உண்டு. கேமராவைக் கண்ணுக்குத் தூக்காததால் எதிரே இருப்பவர் விறைத்துக்கொள்வதில்லை. நேருவின் சகஜமான முகபாவங்களைப் பார்க்கும்போது இந்தப் பெட்டியின் பங்கையும் நினைத்துக்கொள்ள வேண்டும். ‘படம் எடுக்கக் கூடாது’ என்ற அறிவிப்புப் பலகைக்குப் பக்கத்தில் நேரு நிற்கும் பாலம் விமான நிலையப் படம் எல்லோருக்கும் சிரிப்பு மூட்டும். பலகையும் ஆளும் ஒரே சட்டத்துக்குள் விழும் இடத்தைக் கண்டுபிடித்து நிற்க எவ்வளவு விழிப்பு வேண்டும் என்பதுதான் எங்களுக்குத் தெரிகிறது.

1948 ஜனவரி 30 பற்றி ஒரு வார்த்தை. அன்று பிரார்த்தனைக் கூட்டத்துக்குக் கிளம்பிய ஹோமாயைக் கணவர் ஒரு வேலைக்காகத் திரும்ப அழைத்துவிட்டார். காந்தி சுடப்பட்ட இடத்தில் தாம் இல்லாமல் போனது அவருக்குக் கடைசிவரை மனக்குறை. கட்டுரையாளர்கள் இதை ‘வரலாற்றுப் படம் தவறியது’ என்று எழுதுகிறார்கள். சுட்டது மாலை 5.17க்கு. தில்லியில் சூரியன் மறைய முக்கால் மணி நேரத்துக்கும் குறைவு. அடர்ந்த கூட்டம், நகரும் ஆள், சில நொடிக்குள் மூன்று குண்டு. மேலே சொன்ன பெட்டியோடு அங்கே நின்றிருந்தாலும், தகடு உருவி, பல்பு மாட்டி, 10 அடியில் பூட்டித் தயாராக இருந்திருந்தால்கூட, கிடைத்திருப்பது ஒரே ஒரு பிலிம்; அது எந்த நொடியில் என்பது கையில் இல்லை. அவருடைய வருத்தம் வருத்தம்தான். ஆனால் கிடைத்திருக்க வேண்டிய படம் என்று உறுதியாக எழுதுவது வேலை தெரியாத பேச்சு. மறுநாள் இறுதி ஊர்வலத்தையும் தகனத்தையும் அவர் எடுத்தார்.

எடுத்தால் மட்டும் போதாது, கழுவ வேண்டும். இங்கேதான் தில்லி வெயில் எதிரி. அன்று இருட்டறைகளில் பரவலாகப் புழங்கிய டெவலப்பர் (பதிந்த படத்தைப் பிலிமில் வெளிக்கொணரும் கரைசல்) டி–76. ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், வெங்காரம் 2 கிராம். வெதுவெதுப்பான நீரில் முதலில் ஒரு சிட்டிகை சல்ஃபைட், அதன்பின் மெட்டால், அது கரைந்த பிறகே மீதி சல்ஃபைட். வரிசை மாறினால், சல்ஃபைட் நிறைந்த நீரில் மெட்டால் கரையாமல் வெள்ளைத் துகளாக நிற்கும். இந்தக் கரைசலுக்கு உகந்த வெப்பம் 20 டிகிரி. மே மாதத்தில் தில்லிக் குழாய்த் தண்ணீர் 30ஐத் தாண்டும். அந்தச் சூட்டில் பிலிமின் மருந்தைத் தாங்கும் ஜெலட்டின் பூச்சு ஊறி, ஓரத்தில் உரியும். சூடான நீரிலிருந்து திடீரென்று குளிர்ந்த நீருக்கு மாற்றினால் தோல் போலச் சுருங்கி வலைபின்னும். ஒருமுறை வலைபின்னிய நெகட்டிவைத் திரும்பச் சரிசெய்ய வழியில்லை.

பரிகாரம் இருந்தது. டிரேயைப் பெரிய தட்டில் வைத்து வெளித் தட்டில் ஐஸ் போடுவார்கள். ஐஸைக் கரைசலுக்குள்ளேயே போட்டால் மருந்து நீர்த்துவிடும். அவசரத்தில் பலர் செய்த தப்பு இது. ஐஸ் இல்லையென்றால் டெவலப்பரில் லிட்டருக்குச் சுமார் 50 கிராம் சோடியம் சல்பேட் சேர்த்தால் ஜெலட்டின் ஊறுவது அடங்கும். அடுத்த தொட்டியில் லிட்டருக்கு 30 கிராம் குரோம் படிகாரம். அது ஜெலட்டினை இறுக்கும். பிறகு படத்தை நிலைநிறுத்தும் ஹைப்போ, லிட்டருக்கு 240 கிராம் அளவில். பிலிமின் பால் நிறம் மறைய எவ்வளவு நேரமோ, அதைப் போல இரு மடங்கு ஹைப்போவில் கிடக்க வேண்டும். அப்புறம் ஓடும் நீரில் அரைமணி.

பத்திரிகைக்காரருக்கு அந்த அரைமணி ஏது? ஐந்து நிமிடம் அலசி, ஸ்பிரிட்டில் முக்கி, மின்விசிறியில் காய வைத்து, சில நேரம் ஈரத்தோடேயே, படத்தைப் பெரிதாக்கும் என்லார்ஜரில் வைத்துப் பிரிண்ட் போட்டுவிடுவார்கள். காலைப் பதிப்புக்கு அது போதும். ஆனால் வேலை முடிந்ததும் அந்த நெகட்டிவை மீண்டும் நன்றாகக் கழுவி வைக்க வேண்டும். வைக்காதவர்களின் நெகட்டிவ்கள்தான் இருபது முப்பது ஆண்டில் பழுப்பேறி, வெள்ளிமங்கிப் போய்விட்டன. பழைய பத்திரிகைப் படங்கள் அழிந்ததற்கு வெள்ளத்தையும் கரையானையும் சொல்கிறார்கள்; பாதிக் குற்றம் முதல் நாளே கழுவாமல் விட்ட ஹைப்போ.

பிரிண்ட் போட்ட பிறகும் படம் பத்திரிகையில் வர இன்னொரு வாசல் இருந்தது. இன்றைய வாசகர்கள் பார்த்தே இராத வேலை அது: பிளாக் எடுப்பது. பளபளப்பான பிரிண்டைப் பெரிய கேமராவின் முன் பொருத்தி, நெருக்கமாகக் கோடு கீறிய கண்ணாடித் திரை வழியே மீண்டும் படமெடுப்பார்கள். படம் புள்ளிகளாக உடையும். அதைத் துத்தநாகத் தகட்டில் ஏற்றி, நைட்ரிக் அமிலத்தில் அரித்து, மரக்கட்டையில் ஆணியடித்து, அச்செழுத்தின் உயரத்துக்குக் கொண்டுவந்தால் பிளாக். செய்தித்தாளின் சொரசொரப்பான தாளுக்கு அங்குலத்துக்கு 65 கோடு அளவுத் திரைதான் தாங்கும். அதைவிட நெருக்கமானது போட்டால் புள்ளிகளுக்கு இடையில் மை அப்பி முகமே கறுத்துவிடும்.

65 கோடு என்றால் கணக்குப் போடுங்கள்: அரை அங்குல அகல முகத்துக்குக் குறுக்கே 32 புள்ளி. அதில் கண்ணீரும் வராது, அரைப் புன்னகையும் வராது. அதனால் தெரிந்த படக்காரர் முகத்தை மட்டும் நம்ப மாட்டார். உடல் அசைவை, கையை, வெள்ளைப் பின்னணியில் கறுப்பு உருவத்தைத் தேடுவார். 1947 ஜூனில் பிரிவினைத் திட்டத்துக்குக் காங்கிரஸ் தலைவர்கள் கையுயர்த்தி வாக்களிக்கும் ஹோமாயின் படத்தை எடுத்துக்கொள்ளுங்கள். எவ்வளவு மோசமான தாளில், எவ்வளவு சிறிதாக அச்சிட்டாலும் உயர்ந்த கைகள் தெரியும், செய்தியும் தெரியும். புறாவைப் பறக்கவிடும் நேருவும் அப்படித்தான்: விரிந்த கையும் விரிந்த சிறகும். 1956இல் நாதுலா கணவாய் வழியே குதிரையில் வந்த தலாய் லாமாவும் அப்படியே. இதைக் கலை என்று மட்டும் சொல்வது பாதி உண்மை. அமிலத் தொட்டியைத் தாண்டி எது பிழைக்கும் என்று தெரிந்து எடுத்தது மறுபாதி.

பிரிண்டின் பின்பக்கம் பேனாவால் அழுத்தி எழுதக் கூடாது என்பது அன்றைய முதல் பாடம். எழுத்து முன்பக்கம் புடைத்து, பிளாக் எடுக்கும் விளக்கொளியில் நிழலாக விழும். தட்டச்சு செய்த சீட்டை ஒட்ட வேண்டும்: யார், இடமிருந்து வலம் எந்த வரிசை, எங்கே, எந்தத் தேதி, எடுத்தவர் யார். இந்தச் சீட்டுத்தான் முதலில் உதிரும். பசை காய்ந்து சீட்டு விழுந்த படத்துக்கு ஐம்பது ஆண்டு கழித்து ஊகத்தில் விளக்கம் எழுதுகிறார்கள். செங்கோட்டையில் நேரு முதன்முதலாகக் கொடியேற்றியது 1947 ஆகஸ்ட் 16. ஹோமாய் அதை எடுத்திருக்கிறார். ஆண்டுதோறும் அந்த நிகழ்ச்சியின் படங்களுக்குக் கீழே ‘ஆகஸ்ட் 15’ என்றே அச்சாகிறது. தங்கள் நாளிதழாவது இந்த ஆண்டு திருத்திக்கொள்ளட்டும்.

எடுத்தவர் பெயர் விடுபட்டதற்கும் அச்சுக்கூடத்தில் காரணம் உண்டு. பெயர் என்பது பிளாக்கில் இல்லை. அச்சுக் கோப்பவர் தனியாக அடுக்க வேண்டிய ஒரு வரி. பக்கத்தில் இடம் இடித்தால் முதலில் உருவப்படுவது அந்த வரி. அன்று ஈய எழுத்துக்கு இடமில்லை, சரி. இன்று கணினியில் என்ன இடித்தது? முதலில் கணவர் பெயர், பிறகு புனைபெயர், இப்போது ‘கோப்புப் படம்’. கோப்பு படம் எடுக்குமா? 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 57ஆம் பிரிவு, உரிமையை விற்றுவிட்ட பிறகும் ‘இது என் படைப்பு’ என்று கோரும் உரிமையைப் படைத்தவருக்கே வைத்திருக்கிறது. ஹோமாயின் படத் தொகுப்பு, பழைய புகைப்படங்களைப் பாதுகாக்கும் தில்லி அல்காசி அறக்கட்டளையிடம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. இணையத்தில் கிடைத்த நகலைப் போடுவதற்குப் பதில் அங்கே எழுதிக் கேட்டால் சரியான தேதியோடும் பெயரோடும் வரும்.

இன்னொரு பழக்கத்தையும் நிறுத்தச் சொல்ல வேண்டும்: பழைய கறுப்பு வெள்ளைப் படத்துக்கு மென்பொருளால் வண்ணமடிப்பது. கறுப்பு வெள்ளை பிலிமில் சேலையின் நிறம் பதியவே இல்லை. மென்பொருள் போடும் சிவப்பு வெறும் கற்பனை. ஓரத்தை வெட்டுவதும் அப்படித்தான். விமான நிலையப் படத்தில் நேருவை மட்டும் வைத்துக்கொண்டு பலகையை வெட்டிய பிரதிகள் சுற்றுகின்றன. பலகை போனால் அந்தப் படத்தில் என்ன மிச்சம்?

கடைசியாக, தங்களுடைய அலுவலகத்தையே குறித்து. பழைய நாளிதழ் அலுவலகங்கள் எல்லாவற்றிலும் அலமாரிக்குள் நெகட்டிவ் பெட்டிகள் இருக்கும். எடுத்தவர்கள் பெயர் ஊரறியாத படக்காரர்கள். தில்லியில் ஹோமாயின் சமகாலத்துப் படக்காரரான குல்வந்த் ராய் வெளிநாட்டிலிருந்து தபாலில் அனுப்பிய நெகட்டிவ்கள் வழியில் காணாமல் போக, மனிதர் அவற்றைப் பல காலம் தேடி அலைந்தார். நம் அலமாரியில் இருப்பவை தபாலில் தொலையாமலே தொலைந்துகொண்டிருக்கின்றன.

பெட்டியைத் திறந்ததும் காடி (வினிகர்) வாசனை அடித்தால் அசெட்டேட் என்ற பிளாஸ்டிக் அடித்தளமுள்ள பிலிம் சிதையத் தொடங்கிவிட்டது. அது பக்கத்திலிருக்கும் நல்ல பிலிமையும் கெடுக்கும். உடனே தனியே எடுத்து வைக்க வேண்டும். அடிப்பரப்பு சுருங்கி, மேலே ஜெலட்டின் வாய்க்கால் வாய்க்காலாக எழும்பியிருந்தால் நாள் குறைவு. அதை முதலில் நகலெடுக்க வேண்டும். தேன் நிறமேறி, பிசுபிசுத்து, நெடி வந்தால் நைட்ரேட் அடித்தளமுள்ள பிலிமாக இருக்கலாம். கோடாக் தாள் பிலிம்களில் 1949க்கு முந்தியவற்றுக்கு ஓரத்து வெட்டு ஓர் அடையாளம்: விளிம்பிலிருந்து முதல் வெட்டு ‘வி’ வடிவில் இருந்தால் நைட்ரேட், ‘யூ’ வடிவில் இருந்தால் அசெட்டேட். நைட்ரேட் எளிதில் தீப்பிடிக்கும், தண்ணீர் ஊற்றினாலும் அணையாமல் எரியும். சோதித்துப் பார்க்கிறேன் என்று யாரும் தீக்குச்சி கிழிக்க வேண்டாம். அதைக் கட்டடத்தை விட்டே வெளியேற்றி, தெரிந்தவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

நல்ல பிலிம்களில் ரப்பர் பாண்ட், குண்டூசி, கிளிப் எதுவும் இருக்கக் கூடாது. பி.வி.சி. உறை வேண்டாம், நாளாக ஆக அது பிலிமோடு ஒட்டும். ஓரத்தில் பசை ஒட்டிய வழுவழுத் தாளுறையும் வேண்டாம். பசைக் கோடு நெகட்டிவில் பழுப்புக் கோடாக இறங்கும். பசையே இல்லாமல் நாலு பக்கமும் மடியும், அமிலமற்ற தாளுறை நல்லது. ஈரப்பதம் 30 முதல் 50 சதவீதத்துக்குள் நிற்க வேண்டும். சென்னைக் காற்றில் அது தானாக நிற்காது. பகலில் குளிர்சாதனத்தைப் போட்டு இரவில் நிறுத்துவது, போடாமலே இருப்பதைவிடக் கெடுதல். ஒவ்வொரு முறை நிறுத்தும்போதும் பிலிம் மேல் ஈரம் இறங்கும். உறைமேல் பென்சிலால் எழுதுங்கள், அதுவும் நெகட்டிவ் உள்ளே வைப்பதற்கு முன்னால். பழைய உறையில் எடுத்தவர் கைப்பட எழுதிய குறிப்பு இருந்தால், உறை எவ்வளவு கிழிந்திருந்தாலும் தூக்கிப் போடாமல் அதையும் சேர்த்துப் படமெடுத்து வையுங்கள். அந்தப் படக்காரரின் பெயர் வேறெங்கும் இருக்காது.

இப்படிக்கு,
இருட்டறை வேலை அறிந்த வாசகர்கள் சிலர்,
திருவல்லிக்கேணி, சென்னை